நீல நீரில் மிதந்த துளி

முத்து,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை, உதடெல்லாம் வெளுத்துவிட்டது, பம்பாய் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு முறை ரத்தம் ஏற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுவரை குழந்தையை நினைத்துப் பயந்தேன். அடுத்த பக்கத்துக்குப் போனதும் அந்தப் பயம் வேறொன்றாக மாறியது. டாக்டர் உன் ரத்தத்தையும் மருமகள் சரோஜாவின் ரத்தத்தையும் சோதனைக்குக் கேட்டிருக்கிறார். சரோஜா கொடுத்துவிட்டாள். நீ மறுத்துவிட்டாய். 'நோய் குழந்தைக்கு. என் ரத்தம் இவர்களுக்கு எதற்கு? இன்றைக்கு ஒரு ஸ்பூன் என்பார்கள், நாளைக்கு ஒரு புட்டி என்பார்கள். நம் வழியில் யாருக்கும் இப்படி இல்லை, அவள் வீட்டு வழியில்தான் ஏதோ இருக்கிறது' என்று எழுதிவிட்டு, நான் செய்தது சரிதானே அப்பா என்று கேட்டிருக்கிறாய்.

உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். “இது அவன் எழுதினதா, இல்ல நீங்க எழுதி அவன் கையெழுத்துப் போட்டானா?” என்று கேட்டாள். கடிதத்தை மடித்துவிட்டு அவளே, “அந்தப் பொண்ணு தலையில போட வேண்டாம்ங்க. என் வழியிலதான் வந்துருக்குன்னு எழுதுங்க. எனக்கிருக்கிறது அவனுக்கு வந்துச்சு, அவன்கிட்டேருந்து பிள்ளைக்குப் போயிருக்கு. மறைச்சு மறைச்சு இப்ப எங்க வந்து நிக்கிது பாருங்க” என்றாள். அவள் சொன்னதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் அது பொய். பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீ செய்தது தவறு. போய் ரத்தத்தைக் கொடு. இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்காமலே எழுந்து போனாலும் எனக்குச் சம்மதம். ஆனால் நீ போகமாட்டாய். காரணம் சொல்லாமல் எவன் எதைச் சொன்னாலும் செய்யாதே என்று உன்னை வளர்த்தவன் நான். ஆகவே காரணத்தைச் சொல்கிறேன். வயதானதால் அப்பா மனம் இளகிவிட்டார், ஆஸ்பத்திரிக்காரர்களை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர்களை நான் இன்றும் நம்பவில்லை. நம்பாதவன் சொல்கிறேன் என்பதற்காகவே நீ கேட்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இங்கிலீஷை அகராதி வைத்துக்கொண்டும், மருந்து டின்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை வைத்துக்கொண்டும் நானே கற்றேன். பொன்முடி எஸ்டேட்டில் நான் ரைட்டர், மருந்து ஸ்டோர் என் பொறுப்பு. மனிதருக்கான மருந்து இல்லை, தேயிலைச் செடிக்கான மருந்து. மனிதருக்கு மருந்து கொடுப்பவர் டிஸ்பென்சரியில் இருந்தார். வயிற்றுவலிக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர். ஒரு நாள் புட்டியில் மருந்து குறைந்தபோது அவர் குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால், “ரைட்டரே, உம்ம வேலையைப் பாரும்” என்றார். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எனக்குப் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விதான் வரும். இதில் எனக்கு வெட்கம் இல்லை.

உனக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்கு முன்பே உன் கண் அடிக்கடி மஞ்சளாகும், வயிற்றின் இடப்பக்கம் கல் மாதிரி இருக்கும். காமாலை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காய்ச்சலில் நீ நான்கு நாளில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனாய். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வந்த அன்றே ஒரு புட்டி ரத்தம் ஏற்றினார்கள். அதற்குப் பதிலாக உறவுக்காரர் ஒருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்தவன் என் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, கண்ணாடிக் குவளையில் இருந்த நீலத் தண்ணீரில் விட்டான். சொட்டு மூழ்கவில்லை. மேலேயே நின்றது.

“அண்ணாச்சி, துள்ளி பொங்கிப் போயி. நிங்கள்டெ எடுக்கான் பற்றில்ல. வேற ஆளக் கொண்டு வா” என்றான்.

சொட்டு மிதந்துவிட்டது, என் ரத்தத்தில் சத்து குறைவு, எடுக்க முடியாது என்று அர்த்தம். மூட்டை தூக்குகிற உடம்பு என்னுடையது. எனக்கா சத்து குறைவு? வெளியே வராந்தாவில் ரத்தம் விற்கிற ஆட்கள் இரண்டு பேர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் என்னை அனுப்புவதற்குத்தான் இந்த நாடகம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த நீலத் தண்ணீர் என்ன என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரியும். துரிசு. தேயிலையில் கொப்புள நோய்க்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற அதே நீல உப்பு. பத்து வருடமாக அதில் கை ஊறியவனிடம் அதே தண்ணீரைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து எங்களை வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். ரத்த நோய்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பார்ப்பவர். அந்த பெஞ்சில் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிய ஒரு பையன், உடம்பெல்லாம் ஊதாப் புள்ளி விழுந்த ஒரு பெண், யாரிடமும் பேசாத ஒரு கிழவர். டாக்டர் நரைத்தவர், தமிழ் கலந்த மலையாளத்தில் பேசுவார். முதல் வார்த்தையே, “இது கேன்சர் ஒண்ணும் அல்ல, பேடிக்கண்டா” என்றார். கேன்சர் இல்லையென்றால் தனி டாக்டர் எதற்கு, தனிக் கிழமை எதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பயப்படாதே என்று எவராவது முதலிலேயே சொன்னால் எனக்குப் பயம் வரும்.

அவர் விளக்கினார். பிள்ளையின் ரத்தத்தில் இப்போது வேறொருவர் ரத்தம் கலந்துவிட்டது, அதனால் சோதனை தெளிவாக வராது. இது தகப்பன் வழியிலோ தாய் வழியிலோ வருகிற நோயாக இருக்கலாம், ஆகவே உங்கள் இருவர் ரத்தத்தையும் கொஞ்சம் பார்த்தால் சீக்கிரம் தெரிந்துவிடும் என்றார். உன் அம்மா உடனே கையை நீட்டினாள். நான் நீட்டவில்லை.

“நோவு பிள்ளைக்கு. என் ரத்தம் எதுக்கு டாக்டரே?”

“ஒரு ஸ்பூன் மதி, போதும்.”

“முந்தாநாள் ஒரு புட்டி கேட்டீங்க. கொடுக்க வந்தா ஆகாதுன்னீங்க. இன்னிக்கு ஆகாத ரத்தத்துல ஒரு ஸ்பூன் கேக்கிறீங்க. எது நெசம்?”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவில்லை. உன் அம்மாவின் ரத்தத்தில் குறை இல்லை என்று அடுத்த வெள்ளிக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியென்றால் என்னிடம்தான் குறை என்று சொல்ல வருகிறார் என்று புரிந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டு உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வாசலில் நின்ற உன் அம்மா, “என் ரத்தத்தைப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள். “ஒண்ணும் தெளிவாச் சொல்லல” என்றேன். முதல் பொய் அதுதான்.

எஸ்டேட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்டோரில் துரிசைக் கரைத்து வைத்திருக்கும் பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வைத்தேன். என் விரலைக் குத்தினேன். சொட்டு மிதந்தது. மருந்தடிக்கிற சுடலையைக் கூப்பிட்டேன். எஸ்டேட்டிலேயே பலசாலி அவன். அவன் சொட்டும் மிதந்தது. வரிசையாக ஐந்து பேரைக் குத்தினேன், ஐந்தும் மிதந்தது. சுடலை விரலை வாயில் வைத்துக்கொண்டு, “ரைட்டரே, அப்ப எஸ்டேட்டுல ஒருத்தனுக்கும் ரத்தமில்ல. எல்லாருக்கும் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துரும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியின் பித்தலாட்டத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. எல்லார் சொட்டும் மிதக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு ஆளைக் கழிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். பீப்பாயில் இருந்தது தண்ணீர் சேர்த்து விளாவுவதற்கு முந்திய கெட்டிக் கரைசல். அதில் எந்த மனிதனின் ரத்தமும் மிதக்கும். ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஓர் அளவு வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. தினமும் அளந்து கலக்கிற வேலை செய்தவனுக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அதன் பிறகு இரண்டு வருடம் உனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். உப்பில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. ரத்தம் இல்லாத பிள்ளைக்குப் பத்தியம் வைத்தேன். ஒரு நாள் பக்கத்து லயத்து வீட்டில் சுட்டு வைத்திருந்த கருவாட்டை நீ எடுத்துத் தின்றுவிட்டாய். வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்து உன்னை அடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. நீ அழவில்லை, “இன்னும் கொஞ்சம் இருந்துச்சுப்பா” என்று மட்டும் சொன்னாய். அதை மன்னித்துவிடு என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அந்த இரண்டு வருடமும் உன் அம்மாதான் பேச்சு வாங்கினாள். உன் அத்தை திருநெல்வேலியிலிருந்து வரும்போதெல்லாம், “அவ வீட்டுல எல்லாம் வெளுத்த ஆளுங்கதானே. பொண்ணெடுக்கும்போதே சொன்னேன், நீ கேட்டியா?” என்பாள். உன் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் என் வாய்க்குள் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். நான் சொல்லவில்லை.

எட்டு வயதில் மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் அதே வெளுப்பு. இந்த முறை பஸ்ஸில் உன் தலை நிற்கவில்லை, அம்மா மடியில் சரிந்துகொண்டே இருந்தது. வித்துராவில் கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “ஐயோ, ஈ கொச்சினு ரத்தமில்லல்லோ!” என்று டிரைவரைப் பார்த்து, பிள்ளைக்கு ரத்தமே இல்லை என்று கத்தினார். அதற்குப் பிறகு கை காட்டியவர்களுக்கெல்லாம் பஸ் நிற்கவில்லை. ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இறங்கியதும் அந்தக் கண்டக்டரே ஆட்டோவைக் கூப்பிட்டு உன்னைத் தூக்கி வைத்தார். இவருக்கு என்ன லாபம் என்று அந்த நேரத்திலும் நான் யோசித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அதே நரைத்த டாக்டர்தான் இருந்தார். இந்த முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலேயே உன்னிடமிருந்து கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டார். “இனி நிங்கள்டெ ரத்தம் வேண்டா. கொச்சின்றதே மதி. ஆனா ரெண்டு கொல்லம் போச்சு” என்றார். இனி பிள்ளையின் ரத்தமே போதும், ஆனால் இரண்டு வருடம் வீணாகிவிட்டது என்றார். அந்தச் சொல் எனக்குச் சுட்டது. உன் நோய் என் வழியில் வரவில்லை என்று நிரூபித்துவிட்டால் அந்த இரண்டு வருடத்துக்கும் பழி என் மேல் வராது என்று நினைத்தேன். “என்னதையும் எடுங்க, அவளதையும் திரும்ப எடுங்க. யார் வழின்னு பாத்துருவோம்” என்றேன். உன் உயிருக்காக நான் கை நீட்டினேன் என்று நீ நினைத்தால் அது தவறு. உன் அம்மாவைக் குற்றவாளியாக்கக் கை நீட்டினேன்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. உன்னுடையதும் என்னுடையதும் ஒன்று என்றார். நான் நம்பவில்லை. “சீட்டை மாத்தி ஒட்டியிருப்பீங்க” என்றேன். அவர் கோபப்படவில்லை. மூன்று கண்ணாடித் துண்டுகளை எடுத்தார், மூன்றிலும் ஒரு துளி ரத்தம் தடவிச் சாயம் போட்டிருந்தது. பெயர் எழுதியிருந்த முனையில் காகிதத்தைச் சுற்றி மறைத்து என் கையில் கொடுத்தார். “நிங்கள் தன்னே கலக்கு. நிங்கள் தன்னே நோக்கு” என்றார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சீட்டுக் கலைப்பது போல் கலைத்தேன். பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கண்ணாடியில் அணுக்கள் விரலால் நடுவில் அமுக்கிய மாவு உருண்டை மாதிரி, நடுவில் வெளிறி, பெரிதாக இருந்தன. மற்ற இரண்டிலும் இடையிடையே சின்னச் சின்ன உருண்டைகள், நடுவில் வெளிறல் இல்லாமல், கெட்டிச் சிவப்பாக. ஒன்றில் நிறைய, மற்றொன்றில் குறைவு. பார்க்கிறவன் யாராக இருந்தாலும் ஜோடி சேர்த்துவிடுவான். தனியாக நின்ற கண்ணாடியை நானே எடுத்து, நானே காகிதத்தை உருவினேன். உன் அம்மாவின் பெயர் இருந்தது.

இந்த உருண்டை அணுக்கள் வளைந்து கொடுக்காது, மண்ணீரல் அவற்றைப் பிடித்து உடைத்துவிடும், அதனால்தான் வெளுப்பும் மஞ்சளும் வயிற்றில் கல் மாதிரி வீக்கமும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு லேசாக இருப்பதால் இத்தனை நாள் தெரியாமல் போனது. எனக்கு வலது விலாவில் வருகிற வலியை நீங்களெல்லாம் வாயு என்று நினைக்கிறீர்களே, அது இதே நோயால் பித்தப்பையில் வந்த கல். உன் மண்ணீரலை எடுத்தால் நீ தேறிவிடுவாய் என்றார். எடுத்தார்கள். தேறினாய். உன் வயிற்றில் இருக்கும் தழும்பு மலைக்காய்ச்சலில் வீங்கிய கட்டியை எடுத்தது என்று உனக்கும் ஊருக்கும் சொன்னேன். பெண் கொடுக்கிறவர்கள் பின்வாங்குவார்கள் என்று பயம். உனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஊசி போட இழுத்துக்கொண்டு ஓடுவேனே, அது மண்ணீரல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் ஆபத்து என்று அவர் சொன்னதால்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா பிளாஸ்கோடு நின்றாள். “யார் வழியாம்?” என்று கேட்டாள். “உன் வழின்னுதான் தோணுது” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு அவள் இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றாள். இன்னொரு உயிரையும் கெடுக்க வேண்டாம் என்றாள். நீ ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்ததற்குக் காரணம் அதுதான். இருபது வருடத்துக்கு மேலாக நான் இதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேள். உன் குழந்தைக்கு ரத்தம் ஏற்றிவிட்டார்கள், ஆகவே அதன் ரத்தத்தில் கலப்பு இருக்கிறது. அந்த டாக்டர் உன்னைக் கேட்பது அதனால்தான். என்ன நோய் என்று தெரியாமல் வேறு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு நீதான் பொறுப்பு. என்னைப் போல் இரண்டு வருடம் உனக்குக் கிடைக்கும் என்று எண்ணாதே. மூன்று மாதக் குழந்தை அது. போ. நம்பிக்கையோடு போக வேண்டியதில்லை. சந்தேகத்தோடேயே போ. ரத்தம் எடுக்கிற குழாயில் உன் பெயரை உன் கண் முன்னால் எழுதச் சொல். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சொல். முடிவு வந்ததும் காகிதத்தைக் கையில் வாங்கு, வாயால் சொன்னதை ஒப்புக்கொள்ளாதே. கண்ணாடித் துண்டை நானே பார்க்கவேண்டும் என்று கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உன் தழும்பு எதனால் வந்தது என்று சொல், மண்ணீரல் இல்லை என்று சொல், தகப்பனுக்கும் இதே நோய் என்று சொல். குழந்தைக்கு ஆபரேஷன் என்று இப்போதே ஆரம்பித்தால் சம்மதிக்காதே. ஐந்தாறு வயதாவது ஆகட்டும் என்று நம் டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இவ்வளவையும் கேட்டு, சண்டை போட்டு, அதன் பிறகு கையை நீட்டு. ஆனால் நீட்டு.

இதுவரை எழுதியதை மடிப்பதற்கு முன், உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கண்ணாடித் துண்டு வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் காகிதத்தை வாங்கி மீதியை அவளே படித்தாள். பிறகு, “அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “ஒண்ணுமே?” என்றாள். ஒன்றுமே இல்லை என்றேன்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள். “உங்ககிட்ட பேச வேண்டியது இருக்கு. அது அப்புறம். இந்தக் கடிதாசி பம்பாய் போய்ச் சேர நாலு நாளாகும். அந்த நாலு நாளும் அந்தப் பொண்ணு பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு, தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு. எந்திரிச்சுப் போய்த் தந்தி அடிங்க.”

“முத்துவுக்கா?”

“அவனுக்கு எதுக்கு? அவ பேருக்கு அடிங்க.”

தந்தி ஆபீசுக்கு இப்போதுதான் போய் வந்தேன். இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே சரோஜா கையில் அது இருக்கும். அவள் உன்னிடம் காட்டியிருப்பாள், அல்லது காட்டாமல் வைத்திருப்பாள். காட்டாவிட்டால் கேட்காதே. உன்மேல் தவறில்லை, நோய் எங்கள் வழி, மாமனார் என்று அடித்திருக்கிறேன்.

உன் அப்பா